புதுப்பிப்பு: மட்டக்களப்பில் முஸ்லிம் பெண்களிடையே கள ஆய்வு, எந்த யோசனை கைகொடுத்தது

டெல்லியிலிருந்து இலங்கை சென்று, இன நல்லிணக்கத்தில் முஸ்லிம் பெண்களின் பங்கை ஆராய எப்படித் தொடங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சுற்றுலா விசாவில் போகாமல், அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கடிதத்தை முதலில் பெறுங்கள் என்ற யோசனையே சரியானது. பேசும் பெண்களிடம் கையொப்பத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதல் பெற்றால் போதும் என்பதையும் புறப்படும் முன்பே டெல்லியில் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் விளக்கி அனுமதி பெற்றேன்.

மட்டக்களப்பை அடுத்த முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்டில் நடந்த படுகொலையைப் பற்றியோ, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியோ நீங்களாகக் கேட்காதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மிகவும் உதவியது இதுதான். ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலேயே வைத்துவிட்டு மூன்று வாரங்கள் வெறுமனே போய் வந்தேன். நான்காம் வாரம், பன்பாய் (பன் என்ற புல்லால் ஆன பாய்) பின்னிக்கொண்டிருந்த ஒரு ராத்தா (அக்கா), கையை நிறுத்தாமல் தாமாகவே பேசத் தொடங்கினார்.

எதிர்பாராதவை இரண்டு. வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்வதும், மணமகன் பெண்வீட்டுக்குக் குடிவருவதும் அங்கே தமிழர், முஸ்லிம் இரு தரப்பாருக்கும் பொதுவான வழக்கம். ஆகவே சந்திப்புக்கு யாரை அழைப்பது என்பதை வீட்டுக்குரிய பெண்களே முடிவு செய்தார்கள். அடுத்து, ‘சமாதானம்’ என்பது அவர்கள் காதில் திட்ட அறிக்கையின் சொல்லாகவே விழுந்தது. பக்கத்துத் தமிழ் ஊருடன் ‘போக்குவரத்து இருக்கு’, அதாவது போய்வந்து பழகுகிறோம், என்றுதான் சொன்னார்கள். என் வினாப் பட்டியலில் இப்போது ‘போக்குவரத்து’ என்ற சொல்லே இருக்கிறது.