அரைக்கும் பதம் மாறினால் டிகாக்ஷனின் சுவை மாறுமா?

கேள்வி (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வழக்கமாகப் பொடி வாங்கும் கடையில், இம்முறை பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்னும் இரு காபிக் கொட்டை வகைகளும் சம அளவில் கலந்த வறுத்த கொட்டையாகவே வாங்கி, வீட்டு மிக்ஸியில் அரைத்து வருகிறேன். சிக்கரித் தூளைத் தனியே வாங்கி, பழையபடி நூற்றுக்கு 20 பங்கு சேர்க்கிறேன். மணம் முன்னைவிடத் தூக்கலாகவே இருக்கிறது. ஆனால் டிகாக்ஷன் ஒரு நாள் நீர்த்துப்போய்ப் புளிப்புத் தட்டுகிறது. மறுநாள் பில்டரில் இறங்கவே மாட்டேன் என்கிறது, இறங்கினாலும் கசப்பு நாக்கை விட்டுப் போவதில்லை. கொட்டையும் தண்ணீரும் பில்டரும் மாறாதபோது, அரைப்பது மட்டும் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (தஞ்சாவூர், காபி அரைவைக் கடை நடத்துபவர்)

நிச்சயமாக உண்டாக்கும் அம்மா. வறுத்த கொட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரில் கரையும் என்றாலும், 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால்தான் சுவை சரியாக அமையும் என்பது காபித் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. புளிப்பு முதலில் இறங்கும், இனிப்பு அதையடுத்து வரும், கசப்பும் துவர்ப்பும் கடைசியில்தான் வரும். துகள் பெரிதாக இருந்தால் தண்ணீர் உள்ளே புகுவதற்குள் வடிந்துவிடும். மாவாக இருந்தால் கடைசியில் வர வேண்டியதும் சேர்ந்து இறங்கிவிடும்.

மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. அதனால் ஒரே ஜாரில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும்; இரண்டின் விகிதம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். மாவு மிகுந்த நாளில் அது பில்டரின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. எங்கள் மெஷினில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிப் பெரிய துகள் வெளியே வர முடியாது என்பதால் பதம் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கிறது. என் அனுபவத்தில், நைஸா கொரகொரப்பா என்பதைவிட இந்தச் சீர்மைதான் முக்கியம்.

மிக்ஸியில்தான் அரைப்பதென்றால், தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டி, இடையிடையே ஜாரைக் குலுக்குங்கள். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடேறி மணம் அங்கேயே பறந்துவிடும். பிறகு சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை மட்டும் மீண்டும் அரைத்துச் சேருங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் பொடி உப்பைப் போல நறநறக்க வேண்டும். மாவாக வழுக்கக் கூடாது.

மறுமொழி (திருவையாறு)

ஐயா சொன்னதுடன் சிக்கரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிக்கரி காபியைவிட மிக அதிகமாகக் கரையும். அதோடு தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்வதால் வடிதலைத் தாமதப்படுத்தும். எனவே 20 பங்கு சிக்கரி சேர்ப்பவர்கள், சிக்கரியே இல்லாத பொடியைவிட ஒரு சுற்றுக் கொரகொரப்பாகவே கொட்டையை அரைத்துக்கொள்வது நல்லது. பில்டருக்குள் மேலே வைக்கும் குடையை (காம்புள்ள துளைத் தட்டை) அழுத்தாமல் பொடியின் மீது சும்மா படிய வைத்தால் போதும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிவிடும் என்பதால், அதைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியே வைத்து, பில்டரில் போடும் நேரத்தில் கலப்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சலித்துப் போட்டதில் டிகாக்ஷன் தடையின்றி இறங்குகிறது. கையால் சுற்றும் மில் வாங்கினால் இந்தச் சல்லடை வேலை குறையுமா? வாங்கினால் பதத்தை எப்படிச் சரிபார்ப்பது?

மறுமொழி (தஞ்சாவூர்)

குறையும் அம்மா. ஆனால் திருகாணியால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிற மில்லாகவும், சுற்றும்போது உள்தண்டு ஆடாததாகவும் பார்த்து வாங்குங்கள். தண்டு ஆடினால் அங்கும் பதம் சீராக வராது. சரிபார்க்கும்போது பால் சேர்க்காதீர்கள். நல்ல கறந்த பால் அரைவையின் குறைகளையெல்லாம் மூடி மறைத்துவிடும். டிகாக்ஷனில் கொஞ்சம் வெந்நீர் மட்டும் விட்டுச் சுவைத்துப் பார்த்து, புளித்தால் திருகாணியை ஒரு புள்ளி இறுக்குங்கள், கசந்து துவர்த்தால் ஒரு புள்ளி தளர்த்துங்கள். அன்றாடத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். மீதி, கொட்டையாகவே இருக்கட்டும்.