துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த கல்லை (கோர்) வைத்து, கீழே பாறையில் இருக்கும் அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

செங்கோட்டு ரிக்:
வணக்கங்க. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் வண்டி வைத்திருக்கிறோம், 1,200 அடி போவது இங்கே சாதாரணம். மகாராஷ்டிரத்தில் கொய்னா பக்கம் 3 கிலோமீட்டர் வரை துளை போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள், அந்த மாதிரி ஆழத்துளையில் எடுக்கும் கோரை வைத்தே அடியில் எந்தத் திசையில் எவ்வளவு நெருக்குகிறது என்று சொல்லலாமாம். மேலே வந்த கல்லை நெருக்க ஒன்றுமே இல்லையே, அப்புறம் எதை அளக்கிறார்கள்? நம் போரில் வருவதிலும் பார்க்கலாமா?

நொய்யல்கரை:
நெருக்கம் விட்டுப்போனதைத்தான் அளக்கிறார்கள் அண்ணா. வெட்டி எடுத்ததும் கல் சட்டென்று கொஞ்சம் விரியும், அது நம் கைக்குச் சிக்காது. ஆனால் மிச்ச விரிவு நாள்கணக்கில் மெதுவாக நடக்கும், கீழே எந்தப் பக்கம் அதிகம் நெருக்கியதோ அந்தப் பக்கம் அதிகம் விரியும். கோர் மேலே வந்தவுடனே பல திசைகளில் ஸ்ட்ரெயின் கேஜ் (நுண்ணிய விரிவை அளக்கும் சிறு பட்டை) ஒட்டி, வெப்பநிலை மாறாமல் வைத்துப் பதிவு செய்வார்கள், ஏனென்றால் ஒரு டிகிரி ஏறினாலே கல் தானாக விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். தாமதித்தால் போச்சு.

பவானி கூடுதுறை:
சரிதான், ஆனால் கோர் குழாய்க்குள் சுற்றியிருந்தால் எது வடக்கு என்றே தெரியாது. துளைச் சுவரைப் படமெடுத்து, அதிலுள்ள வெடிப்புகளைக் கோரில் இருப்பவற்றோடு பொருத்தித்தான் திசை பிடிக்க வேண்டும். தாமதமாகிவிட்டாலும் இன்னொரு வழி உண்டு: வட்டமாக வெட்டிய கோர் பிற்பாடு துளி நீள்வட்டமாகிவிடும், சுற்றிலும் விட்டத்தை அளந்தால் பெரிய விட்டம் இருக்கும் பக்கம்தான் அதிக நெருக்கம். என்னைக் கேட்டால் ஒரே முறையை நம்பக் கூடாது, பாறையில் இயல்பாகவே ஒரு பக்கம் நுண்வெடிப்பு அதிகமிருந்தால் இரண்டுமே ஏமாற்றும்.

செங்கோட்டு ரிக்:
நன்றிங்க. அப்ப நம் போர்?

நொய்யல்கரை:
ஹேமர் அடித்துத் தூளாக வருவதில் ஒன்றும் கிடைக்காதுங்க, வைர பிட் போட்டு முழுக் கோர் எடுக்கணும். 1,200 அடியில் மேலே இருக்கும் கல்லின் எடை மட்டுமே சுமார் 10 மெகாபாஸ்கல், நம்ம ஊர்க் கருங்கல்லுக்கு அது பெரிய சுமையே இல்லை, அதனால் போருக்குள் கேமரா விட்டாலும் நெருக்கத்தால் சுவர் உடைந்த அடையாளம் தெரிவது கஷ்டம். ஆனால் தண்ணீர் வராத போரில் பாக்கர் (துளையை அடைக்கும் ரப்பர் அடைப்பு) இறக்கித் தண்ணீரை அழுத்தி வெடிப்பை விரிப்பார்களே, அதில் பம்பை நிறுத்தினதும் வெடிப்பு மூடத் தொடங்கும் அழுத்தத்தைக் குறித்தால் அந்த ஆழத்தின் மிகக் குறைந்த நெருக்கம் கிடைத்துவிடும். அந்த வேலை செய்யும்போது பம்பின் அழுத்தக் கேஜைப் பார்த்து, நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வையுங்கள்.