தீக்கோழி பொம்மையா? முதலில் காலைப் பாருங்கோ

வெள்ளவத்தையிலிருந்து:

மிருக பொம்மை சேர்க்கிற ஆக்கள் சிங்கத்தையும் யானையையும்தான் முதலில் தூக்குவினம். எனக்குப் பறக்காத பெரிய பறவைகளில்தான் கண். புறக்கோட்டையில் மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பிளாஸ்டிக் மிருகங்களைப் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கடையில் ஒரு தீக்கோழி கண்ணில் பட்டது. கறுப்பு உடம்பு, செட்டை நுனியில் வெள்ளை, நீட்டுக் கழுத்து. குறை சொல்ல ஏலாது. காலைத் திருப்பிப் பார்த்தால் மூன்று விரல்!

தீக்கோழிக்கு ஒரு காலில் இரண்டே விரல். பறவை இனத்திலேயே அதற்கு மட்டும்தான் அப்படி. ஈமு என்ற அவுஸ்திரேலியப் பறவைக்குத்தான் மூன்று. ஈமு அச்சில் வார்த்துத் தீக்கோழிப் பெயின்ற் அடிச்சிருக்கினம் போல. கடைக்கார நானாவிடம் சொன்னேன். "தம்பி, ஒரு விரல் கூடத்தானே இருக்கு, அதுக்குக் காசு கூட எடுக்கல்லயே" என்றார். அந்தப் பகிடிக்காகவே வாங்கினேன். வயிற்றடியில் கம்பனிப் பெயரும் இல்லை, 'சீனா' என்பது மட்டும்தான். ஜேர்மனியின் ஷ்லைக் மாதிரிக் கம்பனிகள் என்றால் பெயரை அச்சிலேயே பொறிச்சிருப்பினம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நம்மகிட்ட இருக்கிறதுக்கு விரல் சரி, நிற்கத்தான் மாட்டேங்குது. நாலு கால் மிருகத்துக்கு இந்தத் தொல்லை இல்ல. இதுக்கு முழுப் பாரமும் ரெண்டு மெல்லிய கால்ல. பிவிசி பிளாஸ்டிக் வேற, கொழும்பு வெயில் படுற ஜன்னலோரம் வச்சா மெதுமெதுவா சாஞ்சிடும். கொதிச்சு இறக்கின தண்ணியில காலை மட்டும் முக்குங்க. இளகினதும் நேராக்கி, அப்படியே பிடிச்சபடி ஐஸ் தண்ணியில விடுங்க. அடியில பீடம் வச்ச பொம்மை கிடைச்சா யோசிக்காம வாங்கிடுங்க.

தெகிவளையிலிருந்து:

அந்தச் சுடுதண்ணி வைத்தியம் ஈயப் பொம்மைக்குச் சரிவராது. எங்கட வீட்டு அலுமாரியில் அப்பப்பா காலத்துத் தீக்கோழி ஒன்று இருக்கு, இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பனிச் சாமான். உருக்கின ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகினவுடனே நடுவில் மிஞ்சினதைத் திரும்ப வெளியே ஊற்றிவிடுவினம். உள்ளே கோறையாக வரும். 1893இல் அவை கொண்டுவந்த முறை அது. ஈயமும் மிச்சம், பாரமும் குறைவு. 1966ஓடு ஈய வேலையை நிப்பாட்டிட்டினம்.

கால் கொஞ்சம் கோணல்தான். நான் தொடவில்லை, ஈயத்தை இங்கும் அங்கும் வளைச்சால் முறிஞ்சிடும். சின்னப் பிள்ளையள் வாயில் வைக்காமல் மேல் தட்டில் வச்சிருக்கிறன்.

ஒரு உதவி. கசோவரி என்ற பறக்காத பெரிய பறவையின் பொம்மையை எங்கேயும் கண்டால் சொல்லுங்கோ. தலையில் கொம்புக் கவசம், நீலக் கழுத்து, அதில் தொங்குகிற சிவப்புத் தாடை எல்லாம் இருக்க வேணும். அதுக்கும் மூன்று விரல்தான், ஆனால் உள்விரல் நகம் கத்தி போல நீண்டிருக்கும். மூன்று நகமும் ஒரே அளவென்றால் எனக்கு வேண்டாம், வெள்ளவத்தை அண்ணைக்கே குடுங்கோ.