சிறு தீவில் குடும்பத்தோடு ஆறு நாள்: ஓய்வு உண்மையிலேயே கிடைக்குமா?

கேள்வி – கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். நான், என் கணவர், பன்னிரண்டு வயதும் ஏழு வயதும் ஆன இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் மாமியார் ஆகிய ஐவரும் வெப்பமண்டலக் கடலிலுள்ள ஒரு சிறிய பவளத் தீவுக்கு ஆறு நாள் செல்லவிருக்கிறோம். ஒரு மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவுதான். முன்பு சென்ற விடுமுறைகளில் எல்லாம் நாளொன்றுக்கு நான்கு இடம் என்று ஓடி, வீடு திரும்பியபின் களைப்பாறவே இரண்டு நாள் விடுப்பு எடுக்க நேர்ந்ததால், இந்த முறை ஓய்வைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். கணவரோ, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பிள்ளைகள் இரண்டாம் நாளே சலித்துப்போய் நம்மைப் பிடுங்கி எடுப்பார்கள் என்று சொல்லி, தினமும் ஒரு படகுப் பயணத்துக்காவது முன்பதிவு செய்துவிட வேண்டும் என்கிறார். இத்தகைய தீவுகளில் குடும்பத்தோடு தங்கியவர்கள், நாள்களை எப்படி அமைத்துக்கொண்டார்கள் என்று கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – ஓதம் பார்ப்பவர்

உங்கள் இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் அங்கே நாளை அமைப்பது நீங்களும் அல்ல, உங்கள் கணவரும் அல்ல, கடல்தான். முதன்முறை சென்றபோது நாங்கள் இதை அறியாமல், காலை பத்து மணிக்குக் குளியல் என்று வீட்டு வழக்கப்படி முடிவு செய்துகொண்டு, மிதவைகளோடு கரையில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கணுக்கால் அளவுத் தண்ணீரும், காலைக் கிழிக்கும் பவளத் துண்டுகளும்தான் இருந்தன. இளையவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி தூரம் நடந்து, அலுத்துத் திரும்பி வந்தோம். பிற்பகலில் அதே இடத்தில் மார்பளவுக்குத் தெளிந்த நீர் நிறைந்து நின்றபோது, நாங்கள் அறைக்குள் உறங்கிக்கொண்டிருந்தோம்.

பெரும்பாலான கடற்கரைகளில் நாளொன்றுக்கு இரு முறை நீர் ஏறி இரு முறை வற்றும். அந்த நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஓத அட்டவணையை, அதாவது நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, கேட்டு வாங்கிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நீர் ஏறியிருக்கும்போது குளியல், வற்றியிருக்கும்போது கரையோர நடை, உச்சி வெயிலில் உறக்கம் என்று அமைத்துக்கொண்டால் வேறு திட்டமே தேவைப்படாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அது தீவின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். காற்று நேராக வந்து மோதும் பக்கத்தில் கொசு குறைவு, உறக்கம் நன்றாக வரும். ஆனால் கடல் சற்றுக் குமுறலாக இருக்கும். காற்று மறைந்த பக்கத்தில் தண்ணீர் குளம்போல் கிடக்கும், மாலையில் கொசுவும் மணற்பூச்சியும் கூடும். சிறு பிள்ளை இருப்பதால் அமைதியான பக்கத்தையே எடுத்துக்கொண்டு, கொசுவலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன்.

வெயிலைப் பற்றி ஒன்று: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தோலைச் சுடும் நேரம்தான். முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடி மீன் பார்க்கும் பிள்ளைகளுக்கு முதலில் வெந்துபோவது முழங்காலின் பின்மடிப்பும் பிடரியும்; அங்கேதான் யாரும் களிம்பு பூச மாட்டோம். முழுக்கை நீச்சல் சட்டை எந்தக் களிம்பையும்விட மேல். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் சில வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்க்ரீனைப் பலாவு நாடு 2020-லும், அவற்றில் இரண்டைக் கொண்டவற்றின் விற்பனையை ஹவாய் 2021-லும் தடைசெய்துவிட்டன என்பதால், வாங்குமுன் செல்லுமிடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 – மூன்று தலைமுறைப் பயணி

மேலே நண்பர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மாமியாரை அவர் மறந்துவிட்டார். எழுபது வயதான என் தாயாருக்குத் தீவில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. படகில் ஏறி இறங்கிய இரண்டு நிமிடங்கள்தான் சிரமம். அலையில் படகு ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கும்போது, வலிக்கும் முழங்காலோடு துறையிலிருந்து கால் வைப்பது எளிதன்று. துறைக்குப் படிக்கட்டு உண்டா, அல்லது கடலுக்குள் இறங்கி நடந்தே கரையேற வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் காற்று எழுமுன் காலையில் கடல் சற்று அடங்கியிருக்கும் என்பதால் முதல் படகே நல்லது. படகின் நடுவிலோ பின்புறத்திலோ அவரை உட்காரவைத்து, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். குமட்டலுக்கான மாத்திரை, மருத்துவரைக் கேட்டபின், ஏறுவதற்கு முன்பே போடப்பட வேண்டும். குமட்டத் தொடங்கியபின் போட்டுப் பெரிய பயனில்லை.

குளியலறைத் தண்ணீர் சற்று உப்புக் கரித்தால், சோப்பு நுரைக்காவிட்டால், விடுதிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பவளத் தீவின் மண்ணுக்கடியில் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும். குடிப்பதற்குத் தனியாக நீர் கேளுங்கள்.

படகுப் பயணத்தைப் பொறுத்தவரை, ஆறு நாளில் ஒன்று போதும். அதையும் மூன்றாம் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கடல் சரியில்லாவிட்டால் தள்ளிவைக்க நாள் மிச்சமிருக்கும்.

பதில் 3 – சிப்பி பொறுக்கி

பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. காலிச் சங்கு ஓடுகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் அதைத் தீர்த்துவைத்தன. வளர வளர அவற்றுக்குப் பெரிய ஓடு வேண்டியிருப்பதால், காலியான நல்ல ஓடு ஒன்று கிடந்தால் சில வேளைகளில் சுற்றிலும் உள்ள நண்டுகள் பெரியது முதல் சிறியதுவரை வரிசையாக நின்று, முதல் நண்டு புது வீட்டுக்கு மாறியதும் அது விட்ட ஓட்டில் அடுத்தது என்று நொடிப்பொழுதில் எல்லாமே குடிமாறிவிடும். அந்த ஒரு காட்சிக்காக என் மகள் இரண்டு மாலைகள் மணலில் குப்புறப்படுத்துக் கிடந்தாள். அதனால்தான் காலி ஓடுகளை ஊருக்கு எடுத்து வரக்கூடாது என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. உங்கள் பெரிய பிள்ளைக்கு ஒரு நீச்சல் முகமூடியும் ஸ்நார்கல் என்னும் மூச்சுக்குழாயும் போதும். கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும், அவை அரைத்துக் கழிப்பதே அந்த வெண்மணலில் பெரும்பங்கு என்று தெரிந்ததும் சிரித்து மாளாது.

ஆனால் உயிருள்ள கூம்பு வடிவச் சங்கு எதையும் கையால் தொடவிடாதீர்கள். வண்ணக்கோலத்தோடு அழகாக இருக்கும். சில வகைகளின் நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. தடித்த அடிப்பாகமுள்ள ரப்பர் காலணி இல்லாமல் யாரும் நீரில் இறங்கவும் வேண்டாம்.

கரையோரம்

மூவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் போய்ச் சேரும் நாள் அமாவாசைக்கு மறுநாள் என்பதை இப்போதுதான் பார்த்தேன். அன்று காலை 9 மணிக்கு நீர் உச்சத்தில் இருக்கும் என்று விடுதியில் கூறினார்கள். இது நல்லதா, கெட்டதா?

ஓதம் பார்ப்பவர்

தொடக்கத்துக்கு நல்லதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும். ஆகவே முதல் இரண்டு நாளும் காலைக் குளியல் அருமையாக அமையும், பிற்பகலில் பவளத்திட்டு வெகுதூரம் வெளிப்பட்டு நண்டு பார்க்க வசதியாக இருக்கும். நாளுக்கு 50 நிமிடம் வீதம் தள்ளினால், ஆறாம் நாள் நீர் உச்சம் பெறுவது பிற்பகல் ஒரு மணிக்கு மேல், அதாவது கொளுத்தும் வெயிலில். ஆனால் அதற்குள் வளர்பிறை எட்டாம் நாளை நெருங்கிவிடுவதால் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, காலையிலும் பிள்ளைகள் முங்கும் அளவு நீர் நிற்க வாய்ப்புண்டு. கடைசி நாள் படகிலிருந்து இறங்கி நேரே விமானம் ஏறுவதுபோல் மட்டும் பதிவு செய்யாதீர்கள். காற்று கிளம்பினால் படகு வராது, விமானத்துக்கு முந்தைய ஓரிரவைப் பெருநிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.