தாத்தாவின் காலவரிசை: எந்த நிகழ்வை எதற்குக் கீழே வைப்பது?

ஈசூன் பேத்தி எழுதியது:

வணக்கம். என் தாத்தாவின் வாழ்க்கையைக் காலவரிசையாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டிசம்பரில் குடும்பம் கூடும்போது பெரிய திரையில் காட்ட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. அத்தையின் உத்தரவுக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர். இங்கே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. ஜப்பானியர் காலத்தைத் தாண்டி, போர் முடிந்ததும் மறுபடி அதே தளம். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது இவரும் வேலையை விட்டார்.

நான் வைத்திருக்கும் மென்பொருளில் ஒரு நிகழ்வைத் தாயாகவும் மற்றவற்றை அதன் சேய்களாகவும் அமைக்கலாம். தாயைச் சுருக்கினால் சேய்கள் மறையும், விரித்தால் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "ஜப்பானியர் ஆட்சி, 15 பிப்ரவரி 1942 முதல் 12 செப்டம்பர் 1945 வரை" என்று ஒரு தாயை வைத்தேன். அதன் கீழே தாத்தா பாட்டி கல்யாணம், மரவள்ளிக்கிழங்கு போட்ட கதை, பெட்டி நிறைய இருந்த வாழைமர நோட்டு (ஜப்பானியர் அச்சடித்த பணம்), பெரியப்பா பிறந்தது எல்லாம். இப்போது மூன்று தலைவலி.

தாயைச் சுருக்கினால் கல்யாணமே காணாமல் போகிறது. "என் அம்மா கல்யாணம் ஏன் ஜப்பான்காரனுக்குள் ஒளிந்திருக்கிறது?" என்று அத்தை கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது, பெரியப்பாவின் பெயர்சூட்டு விழா 1945 நவம்பரில். பிறப்போடு சேர்ந்திருக்கட்டும் என்று அதையும் அங்கே வைத்தால், தாயின் முடிவுத் தேதி தானாக நவம்பருக்கு நீள்கிறது. ஜப்பானியர் ஆட்சியை இரண்டு மாதம் நீட்டித்த பெருமை எனக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரியது. 10 மார்ச் 1965, ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்டு ஹவுஸ் குண்டுவெடிப்பு. அன்று பிற்பகல் சித்தப்பா அந்தப் பக்கம்தான் ஒரு கடையில் நின்றிருந்தார். இது சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த காலத்திலும் வருகிறது, மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃபிரன்டாசி மோதலிலும் வருகிறது. மென்பொருளோ ஒரு சேய்க்கு ஒரு தாய்தான் என்கிறது. இரண்டு இடத்திலும் பிரதி எடுத்து வைத்தால், பின்னால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவேன். எப்படிச் சமாளிப்பது?

அட்டவணைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் ரயில் நிலையக் கட்டுமானத் தளத்தில் வேலை அட்டவணை போடுகிறவன். உங்கள் தலைவலி மூன்றும் எனக்குப் பழகிய முகங்கள்.

முதலில் மூன்றாவது. நாங்கள் பயன்படுத்தும் பிரைமவேரா என்ற அட்டவணை மென்பொருளிலும் ஒரு பணி ஒரே ஒரு கிளையில்தான் உட்காரும். அது மாறாது. ஆனால் அதே பணிக்கு எத்தனை குறியீடு வேண்டுமானாலும் ஒட்டலாம்: எந்தத் துணை ஒப்பந்தக்காரர், எந்தத் தளம், எந்தக் கட்டம். இன்று கிளைவாரியாகப் பார்ப்பேன். நாளை மேலாளர் வந்து "மின்வேலை மட்டும் காட்டு" என்றால் குறியீட்டின்படி அடுக்கிக் காட்டுவேன். பணி ஒன்றுதான், பிரதி கிடையாது. குண்டுவெடிப்புக்கும் அதையே செய்யுங்கள். ஒரு வீடு கொடுங்கள், மற்றதைக் குறிச்சொல்லாக ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் வீடு கொன்ஃபிரன்டாசிதான். அந்த மோதல் இல்லாவிட்டால் அந்தக் குண்டு இல்லை. மலேசியாவோடு இணைந்திருந்தது, அது நடந்தபோது இருந்த நிலைமை. இன்னொன்றும் கவனியுங்கள்: கொன்ஃபிரன்டாசி 1963 ஜனவரியில் தொடங்கி 1966 ஆகஸ்ட் வரை போனது. இணைப்பு 16 செப்டம்பர் 1963இல் தொடங்கி 9 ஆகஸ்ட் 1965இல் முடிந்தது. ஆகவே ஒன்றை மற்றதற்குள் திணிக்கவும் முடியாது.

இனி கல்யாணம். அத்தை சொல்வது சரி. கல்யாணம் ஜப்பானியர் ஆட்சியின் *பகுதி* இல்லை, அந்தக் காலத்தில் *நடந்தது*, அவ்வளவுதான். பகுதியாக இருப்பதை மட்டுமே சேயாக வையுங்கள். ரஜூலா பயணம் நல்ல தாய்: நாகப்பட்டினத்தில் ஏறியது, பினாங்கில் நின்றது, சிங்கப்பூர் வந்தது, செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தி வைத்தது. இவற்றை எடுத்துவிட்டால் பயணம் என்று ஒன்று மிஞ்சாது. கல்யாணத்தை எடுத்துவிட்டாலும் ஜப்பானியர் ஆட்சி அப்படியேதான் இருக்கும்.

தேதி நீள்வதும் இதே கதை. எங்கள் துறையில் தாயின் தேதி சேய்களிடமிருந்து ஏறிவரும். பள்ளம் தோண்டுவது இரண்டு வாரம் தள்ளினால் "அடித்தளம்" என்ற தலைப்பும் தானாக நீளும், அதுதான் எங்களுக்கு வேண்டும். கப்பல் பயணத்துக்கும் அது பொருந்தும். ஆட்சிக்காலத்துக்குப் பொருந்தாது, அதன் தேதியை வரலாறு முடித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 2010 பதிப்பிலிருந்து தாய்ப் பணிக்குக் கையால் தேதி போட்டு நிறுத்திவைக்க முடியும். உங்கள் மென்பொருளில் அப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள்.

நள்ளிரவு நிரலன் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆட்சிக்காலம், இணைப்புக்காலம் போன்றவற்றை நிகழ்வாகவே வைக்காதீர்கள் அக்கா, பின்னணி நிறப் பட்டையாக வையுங்கள். டைம்லைன்ஜேஎஸ் என்ற இலவசக் கருவியில் கூகுள் விரிதாளின் "வகை" நெடுவரிசையில் ஒரு வரியைச் சகாப்தம் என்று குறித்தால், அது கீழே காலக்கோட்டில் பட்டையாக விழும். ஆனால் அதில் தாய்-சேய் அடுக்கு கிடையாது, குழு மட்டும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கருவியாக இருந்தாலும் மூலத்தை ஒரு விரிதாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நெடுவரிசை போதும்: எண், தாய் எண், தொடக்கம், முடிவு, பெயர், குறிச்சொற்கள். உதாரணமாக:

9 | – | 1963 ஜனவரி | 1966 ஆகஸ்ட் | கொன்ஃபிரன்டாசி | –
14 | 9 | 10.3.1965 | 10.3.1965 | மெக்டொனால்டு ஹவுஸ் குண்டுவெடிப்பு | சித்தப்பா, ஆர்ச்சர்ட் சாலை, மலேசியக் காலம்

தாய் எண் நெடுவரிசையில் தாயின் பெயரை எழுதாதீர்கள். நாளை "கொன்ஃபிரன்டாசி"யை "இந்தோனேசிய மோதல்" என்று மாற்றினால் சேய்கள் அத்தனையும் அநாதையாகும். எண் மாறாது. மூன்று அடுக்குக்கு மேல் போகவும் வேண்டாம். திரையில் நான்காவது அடுக்கைத் திறக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பழைய குவார்ட்டர்ஸ் எழுதியது:

அம்மா, நானும் அந்தத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவன்தான். கணினி விஷயத்தைத் தம்பிகள் சொல்லிவிட்டார்கள். 1971ஐ நீங்கள் ஒற்றைப் புள்ளியாக வைத்திருப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீடுகளில் அது 1968 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக லண்டன் அறிவித்த மாதம் அது. அதே ஆண்டில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறியது. யாருக்கு வேலை தொடரும், யாருக்குப் பணிக்கொடை, யார் ஊருக்குத் திரும்புவது என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சு. என் அப்பா பெட்டியைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

ஆகவே "தளம் மூடியது" என்று ஒரு தாய் வையுங்கள், 1968 ஜனவரி முதல் 1971 அக்டோபர் வரை. உங்கள் தாத்தா என்ன முடிவெடுத்தார், ஏன் இங்கேயே இருந்தார் என்பதெல்லாம் அதன் சேய்கள். அவை உண்மையாகவே அதன் பகுதிகள். அத்தையைக் கேட்டால் நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று. வீட்டில் கூடுகிறவர்கள் ஆண்டைத் தேட மாட்டார்கள், தங்கள் பெயரைத்தான் தேடுவார்கள். ஆள்பெயர்க் குறிச்சொல்லை மறக்காதீர்கள்.

ஈசூன் பேத்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆட்சிக்காலங்களையெல்லாம் பட்டையாக்கிவிட்டேன். கல்யாணம் இப்போது தனித்து நிற்கிறது, பின்னால் வெளிர் மஞ்சள் ஓடுகிறது. பிறப்பும் பெயர்சூட்டும் "பெரியப்பா வருகை" என்ற சிறிய தாய்க்குக் கீழே. அதன் தேதி நீண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஐயா சொன்ன 1968ஐப் பற்றி அத்தையிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். சேய்கள் பெருகிவிட்டன.

ஒன்று மட்டும் பாக்கி. மரத்தடி முருகனாக இருந்த காலத்திலிருந்து, இன்று ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குத் தாத்தா ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்குப் போனார். ஒவ்வோர் ஆண்டையும் போடுவதா?

அட்டவணைக்காரன் எழுதியது:

வேண்டாம். ஆண்டுக்கு ஒன்று போட்டால் திரை முழுவதும் காவடியாகத்தான் இருக்கும். "பங்குனி உத்திரம்" என்று ஒரே நீண்ட நிகழ்வு, முதலில் போன ஆண்டு முதல் கடைசியாகப் போன ஆண்டு வரை. அதன் கீழே ஏதாவது மாறிய ஆண்டுகளை மட்டும் போடுங்கள்: அவர் முதன்முதலில் காவடி எடுத்தது, கோயில் இடம் மாறியது, அவருக்குப் பதிலாக வேறொருவர் பால்குடம் தூக்கியது. தேதி சரியாகத் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஜனவரி 1 என்று மென்பொருள் தானாக நிரப்பினால் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பங்குனி உத்திரம் புத்தாண்டன்று வந்து நிற்கும்.