குச்சி ஐஸ்ல சாயம் போயிடுது, வெள்ளைக் கட்டி மட்டும் நிக்குது. என்ன பண்ணலாம்?

நிலாஅம்மா:
பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு, தினமும் ஐஸ் கேக்குறாங்க. ரோஸ் எசன்ஸ், சர்க்கரை, தண்ணி கலக்கி பிளாஸ்டிக் அச்சுல ஊத்தி ஃப்ரீசர்ல வைக்கிறேன். ரெண்டு உறிஞ்சுல இனிப்பும் கலரும் வாய்க்குள்ள போயிடுது, அப்புறம் குச்சியில நிக்கிறது வெறும் ஐஸ்கட்டி. கடிச்சா பல்லு கூசுது. சேமியா ஐஸ் செஞ்சா சேமியா மொத்தமும் நுனியில போய் உக்காந்துக்குது. கடையில வாங்குறது எப்படி அவ்ளோ மெத்துனு இருக்கு?

கோவில்பட்டிக்காரன்:
சர்க்கரை கம்மி. இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க.

ஐஸ்பெட்டி:
சர்க்கரையைக் கூட்டிக்கிட்டே போனா ஐஸே கட்டாது தம்பி, கூழா நிக்கும். நான் சின்ன வயசுல எங்க ஊர் ஐஸ் கம்பெனியில குச்சி சொருகுற வேலை பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

தங்கச்சி, ஃப்ரீசர்ல ஐஸ் மெதுவா உறையுது. அப்படி உறையும்போது முதல்ல சுத்தத் தண்ணி ஓரத்துல கட்டியாகும், சர்க்கரையும் சாயமும் நடுப்பக்கம் ஒதுங்கும். கட்டியும் பெருசு பெருசா விழும், அதுக்கு இடையில பாகு தேங்கி நிக்கும். உறிஞ்சினா முதல்ல வர்றது அந்தப் பாகுதான்.

கம்பெனியில தகர அச்சை உப்புத் தண்ணித் தொட்டியில இறக்குவோம். பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழ போனாலும் அந்தத் தண்ணி உறையாது, அச்சை நாலு பக்கமும் தொட்டுக்கிட்டே நிக்கும். ஃப்ரீசர் காத்துக்கு அந்த வேகம் கிடையாது. சட்டுனு உறைஞ்சா கட்டி பொடிசா விழும், சர்க்கரை ஒதுங்க நேரமே இருக்காது.

வீட்லயும் செய்யலாம். அகலப் பாத்திரத்துல நொறுக்கின ஐஸ் மூணு பங்கு, கல் உப்பு ஒரு பங்கு போட்டுக் கிளறுங்க. சின்ன எவர்சில்வர் டம்ளர்ல கலவையை முக்கால் அளவு ஊத்தி அதுக்குள்ள புதைச்சு வைங்க. உறைஞ்சா கலவை பெருகி மேல வரும், அதான் முக்கால். உப்புத் தண்ணி மட்டும் உள்ள தெறிக்காம பாத்துக்கோங்க. பிளாஸ்டிக் அச்சுக்கு இந்த வேகம் வராது. கட்டினதும் வெளிய உப்பு போக பச்சைத் தண்ணியில ஒரு முக்கு, ஐஸ் கழண்டுரும். வெந்நீர் வேண்டாம்.

கலவையும் முக்கியம். அரை லிட்டர் தண்ணிக்கு 90 கிராம் சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார். மாவைக் கரைச்சு ஊத்தி, பச்சை வாடை போய் கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கொதிக்க விடுங்க. ஆறினப்புறம் எசன்ஸ். ஆறின கலவை நாக்குக்குக் கொஞ்சம் திகட்டணும். சில்லுனு ஆனா இனிப்பு மட்டுப்படும், அப்ப சரியா இருக்கும்.

சேமியாவைத் தனியா முக்கால் வேக்காடு வேகவச்சு, பச்சைத் தண்ணியில அலசி வடிச்சிருங்க. பால் கலவை பாதி உறைஞ்சு கஞ்சி பதத்துக்கு வரும்போது போட்டுக் கிளறி, அப்பவே குச்சியைச் சொருகுங்க. சேமியா அங்கங்க நிக்கும், குச்சியும் சாயாது.

நிலாஅம்மா:
நன்றிண்ணே! எலுமிச்சை ஐஸுக்கும் இதே மாவுக் கலவைதானா?

ஐஸ்பெட்டி:
அதேதான். சாறை அடுப்புல வச்சே ஊத்திராதீங்க, புளிப்போட கொதிச்சா மாவு நீர்த்துப்போகும், கசப்பும் ஏறும். நல்லா ஆறட்டும்.

மாம்பழக்காரி:
இவ்ளோ வேலை எதுக்கு? மாம்பழ விழுதுல கொஞ்சம் பால், சர்க்கரை அடிச்சு சும்மா ஃப்ரீசர்ல வச்சாலே மெத்துனு வரும்.

ஐஸ்பெட்டி:
வரும்மா. பழச் சதையே கட்டியைப் பெருசாக விடாது. ஆனா பிள்ளைங்க கேக்குறது நாக்கு சிவக்குற ரோஸ் ஐஸ் ஆச்சே!