பாய லேபார் தள நிலம்: ஒருவரிடம் மொத்தமாகவா, துண்டு துண்டாகவா?

ஓடுபாதை:
சிங்கப்பூரின் பாய லேபார் ஆகாயப் படைத் தளம் 2030களில் இடம்பெயரத் தொடங்கும். சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளோடு சேர்த்து சுமார் 800 ஹெக்டர். 2022 தேசிய தினப் பேரணியில் அங்கு 150,000 வீடுகள் வரலாம் என்றார் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் போக, தனியாருக்குப் போகும் மையப்பகுதியை எப்படி விற்பது? ஒரே முதன்மை மேம்பாட்டாளரிடம் கொடுக்கணும் என்பது என் கருத்து. பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் தனி கார்நிறுத்தம், தனிச் சரிவுப்பாதை, தனிக் குளிரூட்டு அறை என்று கட்டுவார்கள். சாலை முகப்பு முழுக்க வாகன வாயிலாகிவிடும். நடப்பவருக்கு நிழல்கூட மிஞ்சாது.

கிழக்குவாசி:
ஜூரோங் ஏரி வட்டாரத்தில் அதைத்தானே செய்து பார்த்தாங்க? 2023ல் 6.5 ஹெக்டர் மனை ஏலக்குத்தகைக்கு வந்தது. ஐந்து பெரிய நிறுவனங்கள் கூட்டாகப் போட்ட ஒரே கேட்புதான் வந்தது: மொத்தத் தளப்பரப்பில் சதுர அடிக்கு 640 வெள்ளி. விலை போதாதென்று 2024 செப்டம்பரில் நிராகரிச்சாங்க. மனை பெருசாக ஆகப் போட்டி சுருங்கும். வழக்கமான நிபந்தனைப்படி விலையில் 25 விழுக்காட்டை 28 நாளில் கட்டணும், மீதி 75 விழுக்காட்டை 90 நாளுக்குள். முழுத் தொகைக்கும் வட்டி அன்றே ஓட ஆரம்பிக்கும். கடைசிக் கட்டடத்தில் வாடகை வரப் பல வருஷம் ஆகும். அந்த அபாயத்தைக் கழிச்சுட்டுத்தான் எவரும் விலை கேட்பார்.

ஓடுபாதை:
அதற்குத் தேர்வுரிமை முறை இருக்கே. 2005ல் மரினா பே நிதி மையத்தின் 3.55 ஹெக்டரை அப்படித்தான் கொடுத்தாங்க. முதற்கட்டத்தை மட்டும் வாங்கி, மீதியை எட்டு ஆண்டுக்குள் எடுத்துக்கலாம்.

கிழக்குவாசி:
சந்தை ஏறினால் எடுப்பாங்க, இறங்கினால் விட்டுடுவாங்க. இறக்கத்தின் சுமை முழுக்க அரசாங்கத்தின் மேல். பாய லேபாரில் இன்னொரு சிக்கலும் இருக்கு. தளம் இயங்கும்வரை சுற்றுவட்டாரத்தில் உயரக் கட்டுப்பாடு இருக்கும். அது நீங்குமுன் விலை பேசினால், நாளைக்கு வரப்போகும் மாடிகளைச் சல்லிசாகத் தாரைவார்க்கிறோம். அவசரம் எதுக்கு? நில விற்பனைப் பணம், அரசாங்கம் தன் விருப்பப்படி எடுக்க முடியாத கடந்தகால நிதியிருப்புக்குத்தான் போகும். வரவுசெலவுத் திட்டம் தொடுவது அதன் முதலீட்டு வருமானத்தில் பாதி வரை மட்டுமே.

நிலத்தடி:
ரெண்டு பேரும் விலையிலேயே நிக்கிறீங்க. முதலில் மண்ணைப் பாருங்க. விமானத் தளத்தில் கவனிக்க வேண்டியவை எரிபொருள் தொட்டிகள், அவற்றிலிருந்து போகும் நிலத்தடிக் குழாய்கள், விமானம் கழுவும் தளம், தீயணைப்புப் பயிற்சித் திடல். குழாய் இணைப்புகளில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த எண்ணெய் நிலத்தடி நீரோடு நகரும். தொட்டிக்கு நேர் கீழே சுத்தமா இருந்து, ஐம்பது மீட்டர் தள்ளி எண்ணெய் வாடை வரலாம். அதனால் மண்ணெடுக்கும் துளைகளைச் சீரான கட்டமாகப் போட்டால் மட்டும் போதாது. தொட்டி, குழாய்த் தடங்களில் நெருக்கமாகப் போட்டு, பல ஆழங்களில் மண்ணெடுத்து, கண்காணிப்புக் கிணறுகளில் நீரும் எடுக்கணும். தீயணைப்பு நுரையில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் இயல்பாகச் சிதையாது. அவற்றைத் தனியாகச் சோதிக்கச் சொல்லாவிட்டால் எண்ணெய்க்கான ஆய்வில் தெரியவே தெரியாது.

வெடிகுண்டும் உண்டு. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ போர்க்காலக் குண்டு கிடைச்சு, 4,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றி அங்கேயே வெடிக்கச் செய்தாங்க. பாய லேபார் விமான நிலையம் போருக்குப் பிறகு 1955ல்தான் திறந்தது, ஆனா அடியிலுள்ள மண் போரைப் பார்த்த மண். கடைக்கால் துளைக்குமுன், புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானியால் அலசியாகணும். இந்த அறிக்கைகள் இல்லாமல் விற்றால், மோசமானதை மனசில் வெச்சுத்தான் எல்லாரும் விலை கேட்பாங்க.

ஓடுபாதை:
சுத்தம் செய்வது அரசாங்க வேலை, அதில் வாதமில்லை. ஆனால் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் ஓடுபாதையை எந்தத் துண்டோடு சேர்ப்பீங்க?

கிழக்குவாசி:
எதோடும் வேண்டாம், அது அரசு நிலமாகவே இருக்கட்டும். இருபுறமும் ஒன்றிரண்டு ஹெக்டர் மனைகளாக விற்கலாம். நீங்க கேட்ட ஒருங்கிணைப்பை ஏலக்குத்தகை நிபந்தனையிலேயே எழுதலாம்: பொதுக் குளிரூட்டுக் கட்டமைப்பில் கட்டாயம் சேரணும், வாகன வாயில் பின்சாலையில்தான், பக்கத்து மனையை ஒட்டிய நிலவறைச் சுவரில் பிறகு உடைத்துத் திறக்கும்படி ஒரு பகுதி, இருபக்கமும் ஒரே தரைமட்டம். மட்டத்தை முன்கூட்டியே எண்ணில் கொடுக்காட்டி, சுவரை உடைச்ச அன்னைக்குத்தான் அரை மாடி வித்தியாசம் தெரியவரும்.